கருக்கூடத்தில் தரக் காப்பு

பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ வாழ்ந்து பழகிப் பின்னர் இங்கே குடிபுகுந்த நம் குடும்பங்களில், பருப்பு வேக நேரமாகிறது என்னும் பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. அது வெறும் குறைகூறல் அன்று. அதற்கு இயற்பியல் காரணம் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. இங்கே அது கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆதலின் தண்ணீர் 100 பாகையை எட்டுமுன், 97 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பங்கரையில் இதனால் நேரும் இழப்பு சில நிமிடங்களே. ஆனால் இதே காற்றழுத்தம், இந்நகரின் கருத்தரிப்பு மருத்துவமனைகளில், மனிதக் கருவை வைத்து வளர்க்கும் பெட்டிக்குள்ளும் தன் வேலையைச் செய்கிறது. அங்கே இதனைக் கணக்கிற்கொள்ளத் தவறினால், அந்த இழப்பை நிமிடங்களால் அளக்க இயலாது.

மகப்பேறு வாய்க்காத தம்பதியர் பலர் இன்று நாடும் முறையைச் சோதனைக் குழாய்க் குழந்தை முறை என்று வழங்குகிறோம். குழாய் என்பது பெயரளவில்தான். உண்மையில் அங்கே இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டத் தட்டு. அதில் சில துளி வளர்ப்பு நீர்; அந்நீர் வற்றாமல் இருக்க மேலே ஓர் எண்ணெய்ப் படலம். மனைவியின் சினைப்பையிலிருந்து எடுத்த முட்டையும் கணவனின் விந்தணுவும் அத்துளிக்குள் சேர்கின்றன. அல்லது நுண்ணிய கண்ணாடி ஊசியால் ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்துகிறார்கள். 16 முதல் 18 மணி நேரத்திற்குள் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், முட்டைக்குள் இரண்டு சிறு வட்டங்கள் தெரியும். ஒன்று தாயின் பங்கு, மற்றொன்று தந்தையின் பங்கு. மூன்றாம் நாள் அது எட்டு உயிரணுக்களாகப் பிரிந்திருக்கும். ஐந்தாம் நாள் நூற்றுக்கு மேற்பட்ட உயிரணுக்கள் கொண்ட ஒரு நீர்க்குமிழி போல் ஆகிவிடும். பிறகுதான் அதனைத் தாயின் கருப்பையில் வைப்பதும், பிற்காலத்திற்கென உறையவைத்துக் காப்பதும்.

அந்த ஐந்து நாளும் கரு இருப்பது தாயின் வயிற்றில் அன்று, ஓர் ஆய்வுக்கூடத்தில். மருத்துவரை நாம் பார்க்கிறோம், பேசுகிறோம், கைராசிக்காரர் என்று புகழ்கிறோம். ஆய்வுக்கூடத்தையோ அங்கே பணிபுரியும் கருவியல் வல்லுநரையோ பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. எனினும் மருத்துவரின் திறமை முழுவதும் அந்த மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைச் சார்ந்தே நிற்கிறது. அங்கே நடப்பதை ஒழுங்காக நடக்கச் செய்யும் முறைக்குத்தான் தரக் காப்பு என்று பெயர்.

காற்றழுத்தத்திற்கு வருவோம். கருவின் வளர்ப்பு நீர் மிகுந்த புளிப்பும் ஆகாது, மிகுந்த காரமும் ஆகாது. அதனை அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலில் 7.2க்கும் 7.4க்கும் இடைப்பட்ட குறுகிய வரம்பில் அது நிற்கவேண்டும். அதனை அங்கே நிறுத்திவைப்பது, வளர்பெட்டிக்குள் செலுத்தப்படும் கரியமில வாயு. கடற்கரை ஊர் ஒன்றில் பெட்டிக் காற்றில் 6 விழுக்காடு கரியமில வாயு இருந்தால் நீர் சரியாக அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 6 விழுக்காட்டைப் பெங்களூரில் வைத்தால் நீர் காரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஏனெனில் நீரில் கரைவது வாயுவின் விழுக்காட்டைப் பொறுத்ததன்று. அதன் அழுத்தத்தைப் பொறுத்தது. மொத்த அழுத்தமே குறைந்த இடத்தில், அதே பயனைப் பெற ஏறத்தாழ 6.7 விழுக்காடு வேண்டும். சென்னையில் எழுதிய செய்முறைக் கையேட்டை ஓர் எழுத்தும் மாற்றாமல் படியெடுத்துப் பெங்களூரில் கைக்கொள்ளும் கூடம், விதியை மீறாமலே தவறு செய்கிறது. பெட்டியின் முகப்பில் எண்கள் ஒழுங்காகவே ஒளிரும். உள்ளே இருக்கும் கருவுக்கு மட்டும் ஏதோ சரியில்லை.

இதனால்தான் நல்ல கூடங்களில் முகப்பில் ஒளிரும் எண்ணை மட்டும் நம்புவதில்லை. தனியே அளவு சரிபார்க்கப்பட்ட வெப்பமானியையும் வாயு அளவியையும் கொண்டு பெட்டியின் உட்புறத்தை அளக்கிறார்கள்; வளர்ப்பு நீரின் பி.எச். அளவையும் நேராகவே சோதிக்கிறார்கள். வெப்பம் 37 பாகை என்று பெட்டி சொல்லலாம். தட்டின் துளிக்குள் 36.4 இருக்கலாம். சினைமுட்டைக்குள் மரபுத் திரிகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய கதிர் ஒன்று உண்டு. குளிர்ச்சி பட்டால் அது குலைந்துபோகும் இயல்பினது. எனவே தட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து உருப்பெருக்கியில் பார்க்கும் அந்த ஓரிரு நிமிடங்களுக்கும், மேசையின் பரப்பே வெதுவெதுப்பாக இருக்குமாறு செய்திருக்கிறார்கள்.

அடுத்தது காற்றின் தூய்மை. பெங்களூரில் ஒரு தெருவில் கட்டடம் எழும்பாத நாள் அரிது. புதுச் சுண்ணச் சாயம், மரச்சாமான்களின் பசை, தரையில் ஒட்டும் விரிப்பு, வண்டிப் புகை ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்கள் காற்றில் கலக்கின்றன. தூசியைத் தடுக்கும் நுண்வடிகட்டி இவற்றைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த வடிகட்டி வேறு வேண்டும். குறித்த காலத்தில் அதனை மாற்றவும் வேண்டும். புதிதாக வண்ணம் பூசிய அறையில், வாடை முழுவதும் நீங்கும் வரை கருவளர்ப்புத் தொடங்கலாகாது. பணியாளர் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு உள்ளே வரலாகாது; கூந்தலில் மல்லிகைச் சரமும் அப்படியே. நறுமணம் என்று நாம் மகிழ்வதும் கருவின் கணக்கில் ஆவியாகும் ஒரு வேதிப் பொருளே. நம் பெண்டிர் பலருக்கு இது சற்றுக் கசப்பாகத் தோன்றலாம். ஆயினும் பூவை வாசலில் வைத்துவிட்டு உள்ளே செல்லும் பெண்ணை வேலைக்கு வைத்திருக்கும் கூடம் நல்ல கூடம் என்பது என் துணிபு.

வளர்ப்பு நீரைக் கூடத்தார் தாமே செய்வதில்லை. குப்பிகளில் விலைக்கு வாங்குகின்றனர். ஒவ்வொரு குப்பியிலும் தொகுதி எண் உண்டு. எந்த எண்ணுள்ள குப்பியிலிருந்து எந்தத் தம்பதியரின் கருவுக்கு நீர் எடுத்தோம் என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். வீண்வேலை என்று இதனை எண்ணுவோர் உண்டு. 2023 டிசம்பரில் அமெரிக்க நிறுவனம் ஒன்று, தான் விற்ற வளர்ப்பு நீரின் சில தொகுதிகளில் மக்னீசியம் என்னும் சத்து விடுபட்டுப் போயிற்று என்று அறிவித்து அவற்றைத் திரும்பப் பெற்றது. அன்று, பதிவேடு வைத்திருந்த கூடம், தன்னிடம் வந்தவர்களுள் யாருடைய கருவுக்கு இந்நீர் பட்டது என்று ஒரு மணி நேரத்தில் கூறியிருக்கும். வைக்காத கூடம் என்ன கூறியிருக்கும்?

பதிவேடு என்று சொன்னவுடன், இந்நகரோடு தொடர்புடைய ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், இங்கிலாந்தில் 1978 ஜூலை 25ஆம் நாள் பிறந்தாள். அதற்கு 70 நாள்கள் கழித்து, அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவில் துர்கா என்று பெயர் சூட்டப்பெற்ற ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குக் காரணமானவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. கருவை உறையவைத்துப் பின்னர் எடுத்துத் தாயின் கருப்பையில் வைத்ததாக அவர் கூறினார். மேனாட்டில் அதுவரை எவரும் செய்யாத செயல் அது. அரசு அமைத்த குழுவினர் அதை நம்பவில்லை. வெளிநாட்டில் சென்று தம் பணியை விளக்கிக்கூற அவருக்கு இசைவு தரப்படவில்லை. அவருடைய ஆராய்ச்சிக்குத் தொடர்பே இல்லாத கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூன் 19ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1986 ஆகஸ்ட் 6ஆம் நாள் பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா என்னும் குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா இந்துஜாவும் டாக்டர் டி. சி. ஆனந்த குமாரும் அப்பணியை முறைப்படி பதிவுசெய்து நிறைவேற்றினர். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாடு ஹர்ஷாவையே கொண்டாடியது. ஆனந்த குமாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்து திருச்சிராப்பள்ளியைக் குறிப்பது. நம்மவர் இதனை அறிந்திருத்தல் நன்று. பிற்காலத்தில் அவர் பெங்களூரில் குடியேறி, ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையை நடத்திவந்தார். 1997இல் கல்கத்தாவுக்குச் சென்றபோது, மறைந்த முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளும் ஆவணங்களும் அவர் கைக்கு வந்தன. அவர் அவற்றை வரிவரியாகப் படித்தார். முட்டை எடுத்த விதம், உறையவைத்த விதம், நாள், அளவு, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் ஒப்புநோக்கினார். முகர்ஜி சொன்னது மெய்யே என்று கண்டார். அவ்வாண்டே பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரன்ட் சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழில், இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் முகர்ஜியே என்று எழுதினார். அதனால் 'முதல்வர்' என்னும் பெயர் தம்மை விட்டு நீங்கும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டுவது ஒருபுறமிருக்க, இதில் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முகர்ஜியின் காலத்தில் குழுவினர் முன் அவருடைய சொல்லுக்கு மதிப்பில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து அவருக்காகச் சாட்சி சொன்னவை அவர் எழுதிவைத்த தாள்களே. அத்தாள்களில் நாளும் அளவும் இல்லாதிருந்தால் ஆனந்த குமாரைப் போன்ற நடுநிலையாளராலும் ஒன்றும் செய்திருக்க இயலாது. செய்த செயலை அப்பொழுதே, செய்தவரே எழுதிக் கையொப்பமிடுதல் என்பது தரக் காப்பின் முதுகெலும்பு. மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும் பதிவேடு பதிவேடாகாது.

இனி, ஆள் மாறாட்டம் என்னும் பேரச்சம். தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செயற்கை முறையால் கருவுற்று 2009இல் ஒரு பெண்மணி இரட்டைக் குழந்தைகளை ஈன்றார். குழந்தையின் இரத்தப் பிரிவு பெற்றோரோடு பொருந்தவில்லை. மரபணுச் சோதனையில் கணவர் அக்குழந்தைகளின் தந்தையல்லர் என்று தெரிந்தது. விந்து மாறிவிட்டது. பல்லாண்டு வழக்காடிய பின், 2023இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒன்றரைக் கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மேனாடும் இதற்கு விலக்கன்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு பெண்ணுக்கு வேறொருவரின் கரு வைக்கப்பட்டு, குழந்தையும் பிறந்துவிட்ட செய்தி 2025இல் வெளிவந்தது.

இதனைத் தடுக்கும் முறை மிக எளியது. தட்டிலிருந்து தட்டுக்கு, குழாயிலிருந்து குழாய்க்கு எது மாறினாலும், இருவர் நின்று பெயரையும் எண்ணையும் வாய்விட்டுப் படித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரே நேரத்தில் ஒரே மேசையில் இரண்டு தம்பதியரின் பொருள் இருத்தல் ஆகாது. இக்காலத்தில் சில கூடங்களில் தட்டின் அடியில் மின்னணுச் சீட்டு ஒட்டி, தவறான தட்டு அருகில் வந்தால் மணி அடிக்குமாறும் செய்திருக்கிறார்கள். மணி நல்லதே. ஆனால் அந்தச் சீட்டில் பெயரை எழுதுபவர் மனிதர்தாமே.

இவ்விடத்தில் வெளி மாநிலத்துத் தமிழர்க்குத் தனியே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குலப்பெயர் எழுதும் வழக்கமில்லை, முதலெழுத்துத்தான் உண்டு. திருமணத்திற்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின்னர் கணவருடையது. இங்குள்ள படிவமோ குலப்பெயரைக் கேட்கிறது. ஆர். மீனா என்னும் பெண் ஆதார் அட்டையில் மீனா ராமசாமி, வங்கிக் கணக்கில் மீனா குமார், மருத்துவமனைச் சீட்டில் வெறும் மீனா. அதே நாளில் அதே மருத்துவமனையில் வேறொரு மீனா இருக்கமாட்டாள் என்பதற்கு என்ன உறுதி? கன்னடம் பேசும் செவிலி தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு எழுதும்போது எழுத்தும் மாறுகிறது. ஆகவே அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்க. எல்லாப் படிவங்களிலும் அதே எழுத்தில், பிறந்த தேதியோடு எழுதுமாறு கேட்டுக்கொள்க. முட்டை எடுக்கும் நாளிலும் கரு வைக்கும் நாளிலும் பணியாளர் 'உங்கள் பெயர் மீனாவா?' என்று கேட்டால் ஆம் என்று தலையசைத்துவிடாமல், முழுப் பெயரையும் கணவர் பெயரையும் தாமே சொல்க. நன்கு பயின்ற பணியாளர் அப்படிக் கேட்கவே மாட்டார். 'உங்கள் பெயர் என்ன?' என்றுதான் கேட்பார்.

உறைநிலைச் சேமிப்பைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. திரவ நைட்ரஜன் நிறைந்த பெரிய கொள்கலங்களில், சுழிக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் கருக்கள் உறங்குகின்றன. கலம் ஓர் உயர்ந்த வெந்நீர்க் குடுவையைப் போன்றதே. அதன் சுவர்களுக்கிடையேயுள்ள வெற்றிடம் பழுதானால் நைட்ரஜன் விரைந்து ஆவியாகிவிடும். 2018 மார்ச் மாதம் ஒரே வாரக் கடைசியில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலும் சான்பிரான்சிஸ்கோ நகரிலும் இரு வேறு கலங்கள் பழுதாயின. ஓஹையோவில் 4,000க்கு மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் அழிந்தன. வெளியிலிருக்கும் பணியாளர்க்குச் செய்தி அனுப்பவேண்டிய எச்சரிக்கைக் கருவி அங்கே அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அவற்றுள் பல, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் பெண்கள் சேமித்துவைத்தவை. மீண்டும் பெற வழியில்லாதவை. கலத்தினுள் அளவுகோலை இறக்கி நைட்ரஜனின் ஆழத்தை நாள்தோறும் ஒருவர் அளந்து எழுதும் பழைய வழக்கம், எந்த மின்னணுக் கருவி வந்தாலும் கைவிடத்தக்கதன்று. ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் நைட்ரஜனுக்குத் தெரியாது.

ஒரு கூடம் நன்றாக நடக்கிறதா என்பதை எப்படி அறிவது? விளம்பரப் பலகையில் காணும் வெற்றி விழுக்காட்டால் அன்று. அவ்விழுக்காடு எதனை எதனால் வகுத்தது என்று பலகை சொல்வதில்லை. சிகிச்சை தொடங்கிய நூறு பெண்களில் இத்தனை பேர் குழந்தையோடு வீடு சென்றனர் என்பது ஒன்று. கரு வைக்கப்பட்ட நூறு பேரில் இத்தனை பேருக்குச் சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தது என்பது மற்றொன்று. பின்னது எப்போதும் பெரிய எண். கூடத்தின் உள்ளே பார்க்கவேண்டிய எண்கள் வேறு. ஐரோப்பிய வல்லுநரும் பிறநாட்டுக் கருவியலாரும் வியன்னா நகரில் கூடி வகுத்த அளவுகள் 2017இல் வெளியாயின. ஊசியால் விந்தணு செலுத்தும் முறையில் நூறு முதிர்ந்த முட்டைகளுக்கு 65ஆவது ஒழுங்காகக் கருவுறவேண்டும். 80 என்பது எட்டத்தக்க உயர்நிலை. ஊசியால் சிதையும் முட்டைகள் பத்துக்கு மிகலாகாது. உறைந்து மீண்ட ஐந்தாம் நாள் கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறாவது உயிரோடிருக்க வேண்டும். இவ்வெண்களைத் திங்கள்தோறும் வரைபடமாகத் தீட்டி, கோடு தாழத் தொடங்கியவுடனே காரணம் தேடுபவர் நல்ல பணியாளர். கோடு தரையைத் தொட்டபின் தேடுபவர்க்கு வெறும் விளக்கமே கிடைக்கும்.

கணவரின் விந்துச் சோதனையும் இதே கண்டிப்புக்கு உரியது. உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டின்படி இருமுறை தனித்தனியே 200 அணுக்களாவது எண்ணி, இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவந்தால்தான் முடிவு எழுதவேண்டும். ஒரு துளியைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டு எழுதித் தருபவர் இன்றும் உளர். அத்தாளை நம்பி ஒரு குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுச் சிகிச்சைக்கு வந்துவிடுகிறது.

நம் நாட்டில் இவற்றுக்கெல்லாம் நெடுங்காலம் சட்டம் இல்லை. 2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவை அறிவுரை அளவில் நின்றன. பாராளுமன்றம் 2021இல் இயற்றிய இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு பெறாமல் இத்தகைய மருத்துவமனையை நடத்த இயலாது. பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். பதிவுச் சான்றிதழைப் பலரும் காணும் இடத்தில் மாட்டியிருத்தல் வேண்டும். பதிவேடுகளைப் பத்தாண்டுக்குக் குறையாமல் காக்கவேண்டும். செலவையும், வெற்றிக்கு உள்ள வாய்ப்பையும், தீமைகளையும் தம்பதியர்க்கு முன்னரே விளக்கிச் சொல்லுதல் மருத்துவமனையின் கடமை. எழுத்து மூலமான இசைவின்றி ஒன்றும் செய்தலாகாது. முறையீடு கேட்க ஒரு பிரிவும் அங்கே இருக்கவேண்டும்.

இசைவு என்பது ஆங்கிலத்தில் அச்சிட்ட பன்னிரண்டு பக்கங்களின் அடியில் கையெழுத்திடுவதன்று. படிவத்தின் பொருளைத் தமிழில் சொல்லுமாறு கேட்பதற்கு நாணவேண்டுவதில்லை. பெங்களூரில் தமிழ் அறிந்த செவிலியோ ஆலோசகரோ இல்லாத பெரிய மருத்துவமனை அரிது. மிஞ்சிய கருக்களை எத்தனை ஆண்டு வைப்பது, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, வேறு ஊருக்கு வேலை மாற்றலானால் கருவை அங்கே கொண்டுசெல்ல வழியுண்டா, கணவனும் மனைவியும் இருவருமே கையெழுத்திட்டால்தான் எடுக்க இயலுமா என்பவற்றை அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்க. நைட்ரஜன் கலத்தின் எச்சரிக்கை மணி இரவு இரண்டு மணிக்கு ஒலித்தால் யாருடைய தொலைபேசிக்குச் செய்தி போகும் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். நன்கு நடக்கும் கூடத்தில் அதற்கு விடை ஒரு பெயராகவே வரும்.